புளிக்குச் சொன்னதுதான் ஒயினுக்கும்: தேங்க்ஸ்கிவிங் மேசைக்கான சைட் டிஷ்கள்

காய் வெந்த பிறகுதான் புளி ஊற்ற வேண்டும். குழம்பு வைக்கக் கற்றுக்கொள்ளும் முதல் நாளே காதில் விழுகிற விதி இது. முந்திக்கொண்டு ஊற்றினால் முருங்கைக்காயும் கிழங்கும் மணிக்கணக்கில் கொதித்தாலும் விறைப்பாகவே நிற்கும். காயின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் புளிப்பான நீரில் எளிதில் இளகாது, அதுதான் காரணம்.

ஒயினும் புளிப்புதான். புளிப்பைக் காட்டும் அதன் பி.எச். அளவு (குறையக் குறையப் புளிப்பு கூடும்) பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் இடையில் இருக்கும். அதனால் ஒயின் ஊற்றிச் சமைக்கும் மேலை நாட்டு பண்டிகை உணவுகளுக்குப் புது இலக்கணம் எதுவும் தேவையில்லை. புளிக்கு நாம் பார்க்கும் மூன்று பக்குவம் போதும். காய் முக்கால் பங்கு வெந்த பிறகு ஊற்றுவது, பச்சை வாசனை போகும்வரை சுண்ட விடுவது, பாலோ க்ரீமோ சேர்ப்பதாக இருந்தால் அதற்கு முன்பே ஒயினைச் சுண்ட வைத்து முடித்துவிடுவது. தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதி வருமுன் இறக்குகிற கைக்கு இது தானாகவே வரும்.

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங், நன்றி சொல்லும் விருந்து நாள். 1941-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி அந்த நாள் நிலையானது. மேசையின் நடுவில் வான்கோழி இருக்கும், படமும் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் தட்டில் பாதிக்கு மேல் நிறைப்பது சுற்றியிருக்கும் சைட் டிஷ்கள்தான். சைட் டிஷ் என்றால் நம் ஊரில் மிக்சரும் ஊறுகாயும் நினைவுக்கு வரலாம். இங்கே அது வெண்ணெயும் க்ரீமும் சீஸும் தாராளமாகப் போட்டு ஆண்டுக்கு ஒரு முறை மனம் கோணாமல் சமைக்கிற விருந்து. சைவம் சாப்பிடுகிற தமிழ்க் குடும்பத்துக்கு அந்த மேசையில் இவைதான் முழுச் சாப்பாடு. அதனால் கீழே சொல்லும் எதிலும் கோழிச் சாறு கிடையாது. அளவுகள் எல்லாம் எட்டுப் பேருக்கு.

எந்த ஒயின், எந்தப் பாத்திரம்

வெள்ளை ஒயின் ஒரு பாட்டில், சிவப்பு ஒன்று, மொத்தச் சமையலுக்கும் இவை போதும். வெள்ளையில் சாவிஞோன் ப்ளாங்க் அல்லது பினோ க்ரிஜியோ போல இனிப்பில்லாத, ஓக் பீப்பாய் வாசனை ஏறாத வகை வாங்குங்கள். ஓக் பீப்பாயில் ஊறிய ஷார்டனே குடிக்க நன்றாக இருக்கும். ஆனால் சுண்டும்போது அந்த மரவாசனை கசப்பாகத் திரண்டு நிற்கும். சிவப்பில் பினோ நுவார் அல்லது மெர்லோ. கேபர்நே போன்ற துவர்ப்பு மிகுந்த ஒயின் வற்ற வற்ற வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்ததுபோல நாக்கைப் பிடிக்கும்.

சூப்பர் மார்க்கெட்டில் வினிகருக்குப் பக்கத்தில் ‘குக்கிங் ஒயின்’ என்று விற்பதைத் தொடவே வேண்டாம். அதில் உப்பு கலந்திருக்கும். 120 மில்லியை இரண்டு மேசைக்கரண்டியாகச் சுண்ட வைக்கும்போது தண்ணீர்தான் போகும், உப்பு முழுவதும் அப்படியே சட்டியில் தங்கும். விலை உயர்ந்த பாட்டிலும் தேவையில்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்து முகம் சுளிக்காமல் இருந்தால் அது சமையலுக்கு ஏற்றது.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது எனாமல் பூசியதாக இருக்கட்டும். ஈயம் பூசாத பித்தளையில் புளி வைத்தால் களிம்பு ஏறுவது நமக்குத் தெரியும். வெறும் அலுமினியத்திலும் இரும்பிலும் ஒயின் அதே வேலையைச் செய்யும். க்ரீம் சாம்பல் நிறமாகும், வாயில் காசை வைத்ததுபோல் ஒரு ருசி தட்டும்.

யாருக்குச் சமைக்கிறோம் என்பதையும் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ‘கொதித்தால் ஆல்கஹால் எல்லாம் ஆவியாகிவிடும்’ என்று பலரும் நம்புகிறார்கள், அது சரியல்ல. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, உணவோடு கலந்து 15 நிமிடம் கொதித்த பிறகு 40 சதவீதம் மிச்சம் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பின் 25 சதவீதம், இரண்டரை மணி நேரம் போனாலும் 5 சதவீதம். மதக் காரணத்தாலோ, கர்ப்பத்தாலோ, குடியை விட்டு மீண்டுவருவதாலோ தவிர்க்கிறவர் ஒருவர் இருந்தாலும் அந்தப் பாத்திரத்தில் ஒயின் வேண்டாம். 120 மில்லி வெள்ளை ஒயினுக்குப் பதில் 100 மில்லி காய்கறிச் சாறும் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் ஊற்றலாம். சிவப்புக்குப் பதில் சர்க்கரை சேர்க்காத மாதுளைச் சாறும் ஒரு மேசைக்கரண்டி வினிகரும். ருசி சற்று மாறினாலும் கொழுப்பை வெட்டும் புளிப்பு கிடைத்துவிடும்.

கண்டிப்பான சைவக்காரர்களுக்காக இன்னும் இரண்டு. க்ரூயேர், பார்மிஜானோ ஆகிய சீஸ்களைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் கொண்டு உறைய வைக்கிறார்கள். உறையில் சைவம் என்று குறித்த செடார் அல்லது ஸ்விஸ் வகை வாங்கிக்கொள்ளுங்கள். சில ஒயின்களை மீனின் காற்றுப்பையோ முட்டை வெள்ளையோ போட்டுத் தெளிய வைப்பதும் உண்டு. ‘வீகன்’ என்று அச்சிட்ட பாட்டிலில் அந்தக் கவலை இல்லை.

உருளைக்கிழங்கு க்ராட்டன்

தென்கிழக்கு ஃபிரான்ஸின் தோஃபினே பகுதியிலிருந்து வந்த உணவு இது. மெல்லிய உருளை வில்லைகளை க்ரீமில் முக்கி ஓவனில் பொன்னிறமாகும்வரை வைப்பது. இந்த மேசையில் கெட்டுப்போக அதிக வாய்ப்புள்ளதும், சரியாக வந்தால் முதலில் காலியாவதும் இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

உருளைக்கிழங்கு 1.2 கிலோ, யூகான் கோல்ட் வகை நல்லது. 36 சதவீதக் கொழுப்புள்ள க்ரீம் 500 மில்லி, முழுக்கொழுப்புப் பால் 200 மில்லி, வெள்ளை ஒயின் 120 மில்லி, சின்ன வெங்காயம் எட்டு, பூண்டு இரண்டு பல், வெண்ணெய் 20 கிராம், துருவிய சீஸ் 120 கிராம், தூளுப்பு இரண்டு தேக்கரண்டி, ஜாதிக்காய் இரண்டு தேய்ப்பு, தைம் என்னும் மூலிகை இரண்டு கொத்து.

கிழங்கைத் தோல் சீவி 3 மில்லிமீட்டர் கனத்தில் வில்லைகளாக்குங்கள். சிப்ஸ் சீவும் கட்டை இருந்தால் எல்லாம் ஒரே கனமாக வரும். கையால் வெட்டினால் ஒன்று குழைந்தும் ஒன்று நறுக்கென்றும் நிற்கும். கட்டையில் சீவும்போது விரல் காப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், ஒயின் கோப்பையை அதுவரை தள்ளி வையுங்கள். இந்தக் கட்டையில் விரலை வெட்டிக்கொள்வது எளிது. சீவிய வில்லையைத் தண்ணீரில் போடாதீர்கள். வறுவலுக்குத்தான் மாவைக் கழுவ வேண்டும். இங்கே அந்த மாவுதான் க்ரீமைக் கெட்டியாக்கப் போகிறது.

சிறிய சட்டியில் வெண்ணெய் உருகியதும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தைப் போட்டு நிறம் மாறாமல் வதக்குங்கள். பிறகு ஒயின். முதல் இரண்டு நிமிடம் மூக்கைத் துளைக்கும் ஒரு காரமான நெடி வரும், இதுதான் பச்சை வாசனை. அகலமான குமிழிகள் சிறுத்து, வெங்காயத்தைச் சுற்றிப் பாகுபோலப் பளபளக்கும் இரண்டு மேசைக்கரண்டி சாறு மட்டும் மிஞ்சும்வரை சுண்ட விடுங்கள். இப்போது குனிந்து முகர்ந்தால் நெடி போய்ப் பழவாசனை மட்டும் இருக்க வேண்டும். இறக்கி வையுங்கள்.

அகலமான பாத்திரத்தில் க்ரீம், பால், நசுக்கிய பூண்டு, தைம், உப்பு, ஜாதிக்காய் சேர்த்துச் சூடாக்கி வில்லைகளைப் போடுங்கள். மிதமான தீயில், அடி பிடிக்காமல் மரக்கரண்டியால் மெதுவாகப் புரட்டிக்கொண்டே 8 முதல் 10 நிமிடம். க்ரீம் கரண்டியின் முதுகில் ஒட்டும் அளவுக்குத் தடிக்கும். கத்தி நுனி வில்லையில் சிறு எதிர்ப்போடு இறங்கும். இதுதான் ஒயின் சேர்க்கும் பதம். சுண்டிய ஒயினையும் வெங்காயத்தையும் இப்போது கலந்து, தைம் கொத்தை எடுத்துவிட்டு, வெண்ணெய் தடவிய 33க்கு 23 செ.மீ. ட்ரேயில் கொட்டிச் சமப்படுத்துங்கள். 160 டிகிரி செல்சியஸ், அதாவது 325 ஃபாரன்ஹீட்டில் 45 முதல் 50 நிமிடம். சீஸைக் கடைசி 20 நிமிடத்தில்தான் தூவ வேண்டும். வெளியே எடுத்ததும் 20 நிமிடம் ஆற விட்டால்தான் துண்டு போட வரும். சூட்டோடு வெட்டினால் ட்ரேயில் க்ரீம் குளமாகும்.

க்ராட்டன் கெடுகிற விதங்கள் நான்கு. க்ரீம் திரிந்து தயிர்க்கட்டி போலானால், ஒயினைச் சுண்ட வைக்காமல் ஊற்றியிருப்பீர்கள் அல்லது க்ரீமுக்குப் பதில் வெறும் பாலை நம்பியிருப்பீர்கள். திரிவது பாலின் புரதம். கொழுப்பு அதிகமான க்ரீமில் அந்தப் புரதம் குறைவு என்பதால் புளிப்பைத் தாங்கும். ஒரு மணி நேரம் ஆகியும் கிழங்கு வேகவில்லை என்றால், வேகுமுன் ஒயின் சேர்ந்துவிட்டது. ஃபாயில் போட்டு மூடி இன்னும் அரை மணி நேரம் வைத்துப் பார்க்கலாம், முழுதும் சரியாகாது. நீர்த்துக் கிடந்தால் வில்லையைக் கழுவியிருக்கிறீர்கள். மேலே எண்ணெய் மிதந்தால் ஓவன் சூடு அதிகம். அந்த எண்ணெயைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான க்ரீம் மூன்று மேசைக்கரண்டி ஓரங்களில் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் மறுபடி சேர்ந்துகொள்ளும்.

சிவப்பு முட்டைக்கோஸும் சிவப்பு ஒயினும்

விதிக்கு விலக்கு இந்த ஒன்றுதான், அதனாலேயே இதைத் தவறாமல் சமைத்துப் பார்க்கச் சொல்கிறோம். இது ஜெர்மனியின் உணவு. நவம்பர் 11 புனித மார்ட்டின் நாளிலும் கிறிஸ்துமஸிலும் வாத்துக் கறியோடு வைப்பார்கள். வடக்கே ‘சிவப்புக் கோஸ்’ என்றும், தெற்கே பவேரியாவில் ‘நீலக் கீரை’ என்று பொருள்படும் பெயரிலும் அழைக்கிறார்கள். ஒரே காய்க்கு இரண்டு நிறத்தில் பெயர் வந்ததற்குக் காரணம் சட்டியிலேயே இருக்கிறது. கோஸின் நிறமி புளிப்பில் சிவக்கும், புளிப்பு இல்லாவிட்டால் நீலமாகும்.

ஒரு கிலோ கோஸை நாலாக வெட்டித் தண்டை நீக்கி 5 மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்குங்கள். 40 கிராம் வெண்ணெயில் ஒரு பெரிய வெங்காயத்தை ஆறேழு நிமிடம் வதக்கி, இரண்டு மேசைக்கரண்டி நாட்டுச்சர்க்கரை சேர்த்து உருகியதும், தோல் சீவித் துண்டாக்கிய இரண்டு புளிப்பு ஆப்பிளையும் கோஸையும் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பையும் போட்டுப் பத்து நிமிடம் புரட்டுங்கள். கோஸ் சுருங்கி, பள்ளிக்கூட மை போன்ற மங்கலான ஊதா நீலத்துக்கு வரும். பயப்பட வேண்டாம். மூன்று மேசைக்கரண்டி வினிகரை ஊற்றிக் கிளறுங்கள். கரண்டி போகிற பாதையெல்லாம் சில நொடிகளில் மாதுளை முத்தின் சிவப்பாக மாறிக்கொண்டே வருவதைக் குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டலாம்.

அடுத்து 250 மில்லி சிவப்பு ஒயின், 150 மில்லி தண்ணீர், கிராம்பு நாலு, ஒரு துண்டுப் பட்டை, பிரிஞ்சி இலை இரண்டு. மூடி போட்டுச் சிம்மில் 75 முதல் 90 நிமிடம், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கிளறுங்கள். இங்கே மட்டும் புளிப்பு முதலிலேயே இறங்குகிறதே என்றால், ஒன்று நிறத்துக்காக. மற்றொன்று, இத்தனை நேரம் வெந்தும் கோஸ் கூழாகாமல் இழை இழையாக நிற்க அந்தப் புளிப்புதான் பிடித்து வைக்கிறது. காயை விறைக்க வைக்கும் குணத்தையே இங்கே வேலைக்கு வைத்துக்கொள்கிறோம். அதற்கு விலையாக நேரத்தைக் கொடுத்தாக வேண்டும், அரை மணியில் இறக்கினால் கடிக்க முடியாது. பச்சை வாசனை போக தனியாகச் சுண்ட வைக்கவும் வேண்டாம், ஒன்றரை மணி நேரக் கொதியில் போய்விடும்.

கடைசிப் பத்து நிமிடம் மூடியைத் திறந்து நீரை வற்ற விட்டு, ருசி பாருங்கள். புளிப்பு தூக்கலாக இருந்தால் ரெட் கரன்ட் ஜாம் ஒரு கரண்டி. மந்தமாக இருந்தாலோ நீலம் தட்டினாலோ வினிகர் ஒரு தேக்கரண்டி. சீக்கிரம் வேகட்டும் என்று சமையல் சோடா போட்டால் கோஸ் நீலப்பச்சையாகிச் சேறுபோலக் குழையும். மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டால் புளிக்குழம்பைப் போலவே ருசி கூடியிருக்கும் என்பதால் முதல் நாளே செய்து வைப்பது உத்தமம்.

பீன்ஸ் காசரோல்

காசரோல் என்றால் இங்கே சூடு காக்கும் டப்பா அல்ல, ட்ரேயில் கலந்து ஓவனில் வைத்தெடுக்கும் உணவு. இது அமெரிக்காவின் சொந்தச் சரக்கு. 1955-இல் நியூஜெர்சி மாநிலம் கேம்டனில் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் டார்க்கஸ் ரைலி தலைமையிலான குழு உருவாக்கியது. டின்னில் வரும் காளான் சூப்பும் பீன்ஸும் வறுத்த வெங்காயமும் சேர்ந்தது. டின்னை விட்டுவிட்டுக் காளானை நாமே வதக்கினால் இதே உணவு வேறு உயரத்துக்குப் போகும்.

700 கிராம் பீன்ஸை நார் எடுத்து இரண்டங்குலத் துண்டாக்கி, 4 லிட்டர் கொதிநீரில் மூன்று மேசைக்கரண்டி உப்புப் போட்டு 4 நிமிடம் வேகவைத்து, உடனே ஐஸ் தண்ணீரில் அள்ளிப் போடுங்கள். பிறகு துணியில் பரப்பி ஈரத்தை நன்றாக ஒற்றி எடுத்துவிடுங்கள்.

400 கிராம் காளானை அகலமான சட்டியில் இரண்டு தவணையாக வதக்க வேண்டும். ஒரே தடவையில் குவித்தால் விடுகிற நீரிலேயே வெந்து ரப்பராகும். நீர் விட்டு, வற்றி, விளிம்பு பழுப்பேறிச் சட்டியின் அடியில் ஒரு செம்பழுப்புப் படலம் ஒட்டும். ருசியெல்லாம் அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. 40 கிராம் வெண்ணெய், 25 கிராம் மைதா சேர்த்து இரண்டு நிமிடம் மாவின் பச்சை வாசனை போக வறுத்து, 120 மில்லி வெள்ளை ஒயினைச் சிறுகச் சிறுக ஊற்றிக்கொண்டே அடியைச் சுரண்டுங்கள். மொத்தமாகக் கவிழ்த்தால் மாவு கட்டி தட்டும். தோசை மாவு போல இறுகியதும் 250 மில்லி காய்கறிச் சாறு ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு, கடைசியாக 250 மில்லி க்ரீம், உப்பு, மிளகு.

பீன்ஸை இந்தக் கலவையில் முன்னதாகவே ஊறப் போடாதீர்கள். ஒயினின் புளிப்பில் பச்சைநிறம் ஆலிவ் பழுப்பாக மங்கிவிடும். பரிமாறுவதற்கு அரை மணி முன்பு கலந்து, 180 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் ஓரத்தில் குமிழி வரும்வரை வைத்தால் போதும். மேலே போட வறுத்த வெங்காயத்தை டப்பாவில் வாங்கலாம். பிரியாணிக்கு வெங்காயம் பொரித்தெடுக்கத் தெரிந்தவர்கள் அதையே போடுங்கள், டப்பா வெங்காயம் பக்கத்தில் நிற்காது. அதைக் கடைசி ஐந்து நிமிடத்தில் தூவுங்கள். முதலிலேயே போட்டால் கருகும், க்ரீமோடு கலந்தால் நமத்துப்போகும்.

ரொட்டி ட்ரெஸ்ஸிங்

வான்கோழியின் வயிற்றுக்குள் அடைத்து வேகவைத்தால் ஸ்டஃபிங், தனி ட்ரேயில் வைத்தால் ட்ரெஸ்ஸிங் என்று பலர் பிரித்துச் சொல்வார்கள். தனி ட்ரேதான் நம் தேர்வு. சைவக்காரர்கள் சாப்பிடலாம், மேல்பகுதி மொறுமொறுப்பாகும். பறவைக்குள் அடைப்பதென்றால் நடுப்பகுதியின் சூடு 74 டிகிரி செல்சியஸை எட்டியதா என்று வெப்பமானி குத்திப் பார்த்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சால்மொனெல்லா கிருமி தங்கிவிடும்.

500 கிராம் கெட்டி ரொட்டியை 2 செ.மீ. துண்டுகளாக்கி 120 டிகிரியில் 45 நிமிடம் கலகலவென்று உலர்த்துங்கள். பழைய ரொட்டி வேறு, உலர்ந்த ரொட்டி வேறு. ஈரம் போகாத ரொட்டி சாற்றை உறிஞ்ச முடியாமல் களியாகும். 115 கிராம் வெண்ணெயில் இரண்டு வெங்காயம், மூன்று தண்டு செலரி ஆகியவற்றை மெத்தென்று ஆகும்வரை பன்னிரண்டு நிமிடம் வதக்குங்கள். செலரி மெத்தென்று ஆனதை உறுதி செய்த பிறகே 150 மில்லி வெள்ளை ஒயின், ஏனென்றால் நார்க்காயில் புளிப்பு செய்யும் வேலை நன்றாகத் தெரியும். மூன்றில் ஒரு பங்காகச் சுண்டியதும் பொடியாக நறுக்கிய சேஜ் இலை இரண்டு மேசைக்கரண்டி, உப்பு, மிளகு, 500 மில்லி காய்கறிச் சாறு. வெதுவெதுப்பாக ஆறிய பின் அடித்த முட்டை இரண்டு கலந்து ரொட்டியில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். ஒரு துண்டை எடுத்து அழுத்தினால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. 180 டிகிரியில் மூடி 30 நிமிடம், திறந்து 20 நிமிடம். முட்டை சாப்பிடாதவர்களுக்கு அதை விட்டுவிட்டு 60 மில்லி சாறு கூடுதலாக ஊற்றலாம், சற்று உதிரியாக வரும்.

க்ரான்பெரி, மசித்த உருளை

க்ரான்பெரி சாஸுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 120 மில்லி சிவப்பு ஒயினை மூன்று நிமிடம் கொதிக்க விட்டு, 120 மில்லி தண்ணீர், 200 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, 340 கிராம் பழம் சேர்த்தால் பட்பட்டென்று வெடிக்கத் தொடங்கும். பத்து நிமிடத்தில் இறக்கி ஆரஞ்சுத் தோல் துருவிப் போடுங்கள். அடுப்பில் நீர்த்துத்தான் இருக்கும். பழத்தின் பெக்டின் ஆறும்போது உறையும். அடுப்பிலேயே கெட்டியாகட்டும் என்று காத்திருந்தால் மறுநாள் கத்தி போட்டு வெட்ட வேண்டிவரும்.

மசித்த உருளையில் ஒயின் வேண்டாம். சுற்றியுள்ள எல்லாவற்றிலும் புளிப்பு இருக்கும்போது ஓரிடத்தில் நாக்கு இளைப்பாற வேண்டும். பாரிஸ் சமையல் மேதை ஜோயெல் ரோபுஷோனின் புகழ்பெற்ற கணக்கு ஒரு கிலோ கிழங்குக்கு 250 கிராம் வெண்ணெய். தோலோடு வேகவைத்து, உரித்து, இடியாப்ப அச்சில் பிழிந்து, அடுப்பில் ஈரம் வற்றக் கிளறி, முதலில் குளிர்ந்த வெண்ணெய்த் துண்டுகள், பிறகு 250 மில்லி கொதிக்கும் பால். மிக்ஸியில் போட்டால் மாவுச்சத்து உடைந்து பசையாகிவிடும். அதை மீட்க வழியே கிடையாது.

ஒரே ஓவனில் நேரக் கணக்கு

சாப்பாடு மாலை 5 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் இரவு க்ரான்பெரி. புதன்கிழமை கோஸ், ரொட்டி உலர்த்துவது, பீன்ஸ் வேகவைப்பது, காளான் கலவை. க்ராட்டனையும் புதனே முழுதாகச் சுட்டு ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம், கெடாது, இன்னும் நன்றாகப் படியும்.

வியாழக்கிழமை வான்கோழியை 4 மணிக்கு ஓவனிலிருந்து எடுத்துவிடுங்கள். அதை வெட்டுமுன் 30 முதல் 45 நிமிடம் ஆற விடத்தான் வேண்டும், அந்த நேரம்தான் நம்முடையது. ஃப்ரிட்ஜிலிருந்து க்ராட்டனை 3 மணிக்கே வெளியே வையுங்கள். 4 மணிக்கு ஓவனை 180 டிகிரிக்கு மாற்றி ட்ரெஸ்ஸிங்கை மேல்தட்டிலும், ஃபாயில் மூடிய க்ராட்டனைக் கீழ்த்தட்டிலும் வையுங்கள். 4.30-க்கு ட்ரெஸ்ஸிங்கின் மூடியைத் திறந்து, பீன்ஸை அதன் பக்கத்தில் நுழைத்துவிடுங்கள். 4.50-க்கு வெங்காயத்தைத் தூவுங்கள். மசித்த உருளையை 4.15-க்கே முடித்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் மூடி வைத்தால் ஒரு மணி நேரம் சூடு குறையாது. கோஸை அடுப்பில் சூடாக்கினால் போதும்.

கோப்பையில் ஊற்றுவது

இத்தனை வெண்ணெய்க்கு நடுவே குடிக்கும் ஒயினும் புளிப்போடு இருக்க வேண்டும். தயிர் சாதத்துக்கு மாவடு எப்படியோ அப்படி. இனிப்பில்லாத ரீஸ்லிங்கும் சாவிஞோன் ப்ளாங்கும் க்ரீமை ஒவ்வொரு வாய்க்கும் கழுவிவிடும். சிவப்பில் பினோ நுவார் அல்லது போஷொலே. போஷொலே நூவோ என்னும் அந்த ஆண்டின் புது ஒயின் நவம்பர் மூன்றாவது வியாழனில் உலகெங்கும் வெளியாகும், தேங்க்ஸ்கிவிங்குக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. பழவாசனை மிகுந்து துவர்ப்பு குறைந்த அது க்ரான்பெரியோடு சண்டை போடாது. துவர்ப்பான கேபர்நே அந்த இனிப்புக்குப் பக்கத்தில் கசந்துவிடும். வெள்ளையை 8 முதல் 10 டிகிரியிலும், இந்த இலகுவான சிவப்பை 13 டிகிரி அளவிலும் கொடுங்கள். சிவப்பை ஃப்ரிட்ஜில் முக்கால் மணி நேரம் வைத்தெடுத்தால் ஏறக்குறைய அந்தக் குளிர்ச்சி வந்துவிடும்.

சமையலுக்கு வெள்ளையில் 390 மில்லியும் சிவப்பில் 370 மில்லியும் செலவாகியிருக்கும். 750 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய பாதி. மிச்சத்தைத் தக்கை போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் குடிக்கலாம். அதற்குள் தீராது என்று தெரிந்தால் அன்றைக்கே ஐஸ் தட்டில் ஊற்றி உறையவிட்டுக் கட்டிகளைப் பையில் போட்டு வையுங்கள். ஆல்கஹால் இருப்பதால் ஐஸைப் போலக் கல்லாக இறுகாது, சற்று இளகலாகவே இருக்கும். சாதாரணத் தட்டில் ஒரு கட்டி ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி, கிறிஸ்துமஸுக்குக் காளான் வதக்கும்போது நாலு கட்டி போட்டால் 120 மில்லி.